ரம் வாசம் என்றால் உள்ளே ரம் இருக்கிறதா?

கல்லடிக்காரன்: காத்தான்குடியில் ஒரு கடைக்காரர், "வாசனை ஸ்பிரேயை ரம் வாசம் என்று சொல்லி விற்றால் உள்ளே ரம் ஊற்றியிருக்கிறார்கள்" என்று அடித்துச் சொல்கிறார். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டுகிறார்கள். கேட்க எரிச்சலாக இருந்தது. அந்த வாசம் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வேதிப்பொருள்களைக் கொண்டு கோர்ப்பது. எத்தில் பியூட்டிரேட் பழவாசம் தரும், வனிலின் இனிப்பைத் தரும், ஓக் லாக்டோன் பீப்பாய் மரத்தின் மணத்தைக் கொண்டுவரும். ரம் எங்கே இருக்கிறது?

ஏறாவூர் நானா: "பெரும்பாலும்" என்கிறீர்கள், தம்பி. அப்படியென்றால் சிலவற்றில் இருக்கிறது. இருக்கிறதா, இல்லையா?

கல்லடிக்காரன்: ரம்மிலிருந்து பிரித்த மணச்சாறும் உண்டு, நானா. அது துளிக்கணக்கு. ஸ்பிரே போத்தலில் நிறைந்திருப்பது எதனோல் என்ற அல்கஹோல். மல்லிகை ஸ்பிரேயிலும் அதே எதனோல்தான்.

ஏறாவூர் நானா: ஆக, இருக்கிறது.

ஹிங்குராணை வாசி: சீனி ஆலைப் பக்கம் வளர்ந்தவன் நான். மொலாசஸ், அதாவது சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்புப்பாகு, புளிக்கும் நெடி எனக்குத் தெரியும். இவர்கள் விற்பது வனிலா கேக் வாசம். ரம் என்று பெயர் வைக்கவே கூடாது.

கல்லடிக்காரன்: மொலாசஸ் வேறு, ரம் வேறு. நொதிக்கவைத்து, வடித்து, ஓக் பீப்பாயில் கிடந்த பிறகு வருவதுதான் அந்த வாசம். பீப்பாய் ரம்மில் வனிலின் வருவதே அந்த மரத்திலிருந்துதான். காகிதத் துண்டில் தெளித்து மணந்து பாருங்கள். முதலில் உலர்ந்த திராட்சை, பிறகு கருகிய சீனி, கடைசியில் ஈரப்பலகை.

ஹிங்குராணை வாசி: பாடம் நடத்தாதீர்கள், அண்ணன். போன மாதம் எருமைத் தயிர் விவாதத்திலும் உங்கள் மட்டக்களப்பாருக்குத்தான் எல்லாம் தெரியும் என்றீர்கள். எங்கள் அம்பாறையில் எருமையே இல்லையா?

கல்லடிக்காரன்: தயிரை ஏன் இழுக்கிறீர்கள்?

வாழைச்சேனை மீனவன்: சாராயமும் ரம்தானே, ஏன் சண்டை?

கல்லடிக்காரன்: இல்லவே இல்லை. நம்முடைய தென்னஞ்சாராயம் கள்ளில் வடிப்பது, ரம் கரும்பில் வடிப்பது. வாசத்தைப் பற்றிப் பேசுகிறவர் இதையாவது தெரிந்துகொண்டு வர வேண்டும். உண்மையிலேயே ரம் சேர்த்த வாசனை நீர் வேண்டுமென்றால் பே ரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவான செயின்ட் தோமஸில், ஒரு மரத்தின் இலைகளை ரம்மோடு சேர்த்து வடித்தார்கள். ஆண்கள் முகம் மழித்த பின் பூசினார்கள். இன்று அந்தப் பெயரில் விற்பவை பலவற்றில் ரம்மே கிடையாது.

ஏறாவூர் நானா: பார்த்தீர்களா? உங்கள் வாயாலேயே இரண்டாம் தடவை ரம் என்று வந்துவிட்டது. இருக்கிறது.

கல்லடிக்காரன்: பழைய பே ரம்மில் இருந்தது! நான் சொல்வது இப்போது கடையில் இருக்கும் போத்தலை.

ஏறாவூர் நானா: அந்தப் போத்தலைத் திருப்பிப் படித்தேன். அல்கஹோல், பர்ஃபியூம், தண்ணீர், ஒவ்வாமை தரக்கூடிய சில பெயர்கள். பர்ஃபியூம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. ரம் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கல்லடிக்காரன்: இருக்கிறது என்பது உங்கள் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஹிங்குராணை வாசி: தயிருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.