ஷார்ட் ஷிஃப்டர் மாட்டியதிலிருந்து மூன்றாவது கியர் தானாகக் கழன்று வருகிறது, எங்கே பார்ப்பது?

ஐந்தாம்கியர்:
வணக்கம். சின்ன ஹேட்ச்பேக், முன்சக்கர இயக்கம், ஐந்து கியர், ரிவர்ஸ் ஐந்துக்கு நேர் கீழே. லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன. சாம்பார் வாளியில் போட்ட கரண்டி மாதிரி லிவர் ஆடிக்கொண்டிருந்தது பிடிக்காமல் போன ஞாயிறு ஷார்ட் ஷிஃப்டர் கிட் (கியர் போட லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று லிவர்) ஒன்றை நானே மாட்டினேன். நாலு மணி நேரம் ஆனது, அதில் பாதி கன்சோலுக்குள் ஒளிந்திருந்த ஒரே ஒரு ஸ்க்ரூவைத் தேடியதில் போனது.

லிவர் ஊன்றி ஆடும் உருண்டை மூட்டிலிருந்து கீழே கேபிள் மாட்டும் இடம் வரை முன்பு 50 மி.மீ., புது லிவரில் 65 மி.மீ. மேல்பக்க நீளம் அதேதான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போட முன்பு குமிழ் 14 செ.மீ. நகரும், இப்போது அளந்தால் 9.5. கை நிறைய சந்தோஷம்தான், ஆனால் மூன்றாவதில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லிவர் டக்கென்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஐந்தாவது விழுந்ததா இல்லையா என்றே தெரிவதில்லை. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் வெண்ணெய். கியர்பாக்ஸைக் கெடுத்துவிட்டேனா?

மெதுவாப்போ:
கிளட்ச் முழுசாக விடவில்லையோ என்னவோ. என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் பக்கம் போகலாம்.

ஐந்தாம்கியர்:
பார்த்தேன். அணைத்திருந்தாலும் ஐந்தாவது அப்படியேதான், ஏதோ பஞ்சில் போய் முட்டுவது மாதிரி நிற்கிறது. நேற்று ஒரு நண்பர் சொன்னார் என்று இடம்-வலம் நகர்த்தும் கேபிளை இரண்டு முறை கூட்டிக் குறைத்தேன். இப்போது மூன்றைத் தேடினால் சில சமயம் ஒன்று வருகிறது. முன்னேற்றம்!

கிரீஸ்கை:
தம்பி, அந்த இடம்-வலம் கேபிளை முதலில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், குற்றவாளி அது இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தகராறு செய்வது மூன்றும் ஐந்தும், ஒழுங்காக இருப்பது இரண்டு, நான்கு, ரிவர்ஸ். குமிழின் மேல் உள்ள படத்தைப் பாருங்கள், மேல் வரிசை (1, 3, 5) முழுக்க நோயாளி, கீழ் வரிசை (2, 4, ரிவர்ஸ்) முழுக்க ஆரோக்கியம். இடம்-வலம் கேபிள் தப்பாக இருந்தால் ஒன்று-இரண்டு, அல்லது ஐந்து-ரிவர்ஸ் என்று செங்குத்தாக ஒரு ஜோடி சேர்ந்து படுத்துக்கொள்ளும். வரிசையாகப் படுத்தால் அது முன்-பின் கேபிள்தான். ஒன்றாவதும் அரைகுறையாகத்தான் விழுந்துகொண்டிருக்கும், அதில் யாரும் நீண்ட நேரம் ஓட்டுவதில்லை என்பதால் உங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 14-ஐ 50-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் 10.8 வரும். கியர்பாக்ஸுக்கு வேண்டிய கேபிள் நகர்வு மாறவே மாறாது, அதனால் குமிழ் 10.8 செ.மீ. போயே ஆகவேண்டும். நீங்கள் 9.5 என்கிறீர்கள். மீதி 1.3 எங்கே? "அட, இன்னும் குட்டையாகிவிட்டதே" என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள், அதுதான் நோய். லிவர் முன்பக்கம் எதிலோ இடித்து நிற்கிறது, உள்ளே கியர் பாதிதான் கோத்திருக்கிறது. காலை எடுத்ததும் விசை திரும்பும்போது அரைகுறையாகக் கோத்த பற்கள் கழன்றுவிடுகின்றன.

ஐந்தாம்கியர்:
அண்ணே, அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. எப்படி உறுதி செய்வது?

கிரீஸ்கை:
துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கார் சமதளத்தில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, என்ஜின் அணைத்து ஆறியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மேலே முன்-பின் கேபிள் மாட்டியிருக்கும் நெம்புகோலைப் பாருங்கள். கேபிள் முனையைக் கழற்றிவிட்டு அந்த நெம்புகோலைக் கையாலேயே தள்ளி, நியூட்ரலிலிருந்து இரு பக்கமும் எத்தனை மி.மீ. போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேபிளை மாட்டி, உள்ளே இருப்பவரை மூன்று, நான்கு போடச் சொல்லி அதையே அளந்து பாருங்கள்.

ஸ்பேனர்13:
கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளிப்பையும் பாருங்கள், முழுசாக உட்காராமல் இருந்தால் உறையே நகர்ந்து நகர்வைத் தின்றுவிடும். அப்புறம், கன்சோலைத் திறக்கும்போது பேட்டரியைக் கழற்றினீர்களா? நிறைய கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி அங்கேதான் இருக்கும். சாவி போட்ட நிலையில் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எச்சரிக்கை விளக்கோடு சுற்றிய ஆளை எனக்கு நன்றாகவே தெரியும், கண்ணாடியில் பார்ப்பேன்.

ஐந்தாம்கியர்:
அளந்தாயிற்று. கையால் தள்ளினால் இரு பக்கமும் 14 மி.மீ. லிவரால் போட்டால் நான்காவதுக்கு 14, மூன்றாவதுக்கு 10.5 மட்டும். கிளிப் சரியாக இருக்கிறது. தோல் உறையைத் தூக்கிப் பார்த்தேன், நியூட்ரலிலேயே லிவர் ஒரு விரல் அகலம் முன்னால் சாய்ந்து நிற்கிறது. அதற்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் பிறைநிலா மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு, லிவர் இடித்து இடித்து விழுந்தது.

கிரீஸ்கை:
அவ்வளவுதான். சட்டத்தை வெட்டாதீர்கள், நேர் செய்தால் இடிக்காது. கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கட்டும். பல கார்களில் லிவரின் அடிப்பெட்டியில் ஒரு துளை இருக்கும், அதில் டிரில் பிட் ஒன்றைச் சொருகினால் லிவர் நியூட்ரலில் நேராக நின்றுவிடும். துளை இல்லையென்றால் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக வரும்படி அட்டையை மடித்து நிறுத்துங்கள். கேபிள் முனையின் பூட்டைத் திறந்து (சிலதில் பிளாஸ்டிக் பூட்டு, சிலதில் நட்டு) கேபிளை இழுக்காமல் தள்ளாமல் தன் இடத்தில் உட்காரவிட்டுப் பூட்டுங்கள். கீழ்முனை 15 மி.மீ. இறங்கியதால் கேபிள் இப்போது சற்றுச் சாய்வாக வருகிறது, பழைய அமைப்பு இதற்குப் பொருந்தாது. கிட்டோடு வரும் தாளில் இதை ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள், யாரும் படிப்பதில்லை.

ஐந்தாம்கியர்:
அந்த வரியை இப்போதுதான் படித்தேன். இருந்தது.

முடித்துவிட்டேன். இரு பக்கமும் 14, குமிழில் 11 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 40 கி.மீ. ஓட்டி, இறக்கத்தில் வேண்டுமென்றே மூன்றில் காலை எடுத்து எடுத்துப் பார்த்தேன், ஒருமுறைகூடக் கழலவில்லை. ஒரே ஒரு சந்தேகம், வேகமாக இரண்டாவதுக்கு மாற்றினால் லேசாகக் கரகரக்கிறது, அதுவும் காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும்.

கிரீஸ்கை:
லிவர் குட்டையானால் சிங்க்ரோ (கியர் கோப்பதற்கு முன் இரு பக்க வேகத்தையும் சமமாக்கும் பாகம்) வேகமாகிவிடாது. இரண்டு பக்கச் சுழற்சியும் ஒத்துவர அதற்கு முன்பு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதே நேரம்தான் இப்போதும் வேண்டும், குளிர்ந்த ஆயிலில் கொஞ்சம் கூடவே. உங்கள் கைதான் அதற்கு முன்னால் போய்ச் சேருகிறது, அதுவும் முன்பைவிட 1.3 மடங்கு அழுத்தத்தோடு. நியூட்ரலில் ஒரு கணம் தாமதித்துப் போடுங்கள். சூடான பிறகும் கரகரத்தால் ஆயிலைப் பாருங்கள். மூன்றாவது கழன்ற நிலையில் எவ்வளவு ஓட்டினீர்கள்?

ஐந்தாம்கியர்:
ஆறு நாள், 100 கி.மீ. இருக்கும்.

கிரீஸ்கை:
அதற்குள் பற்களின் முனை பெரிதாகத் தேய்ந்திருக்காது. ஒரு மாதம் கழித்து மறுபடி கழலத் தொடங்கினால் மட்டும் எழுதுங்கள், அப்போது கேபிளைத் தொடாமல் நேராக உள்ளே பார்க்க வேண்டியதுதான்.

ஐந்தாம்கியர்:
சரிண்ணே. கன்சோலை மூடிவிட்டேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது, அது எதனுடையது என்று கேட்டு இன்னொரு இழை போடுகிறேன்.