லப் எது, டப் எது? நோயாளியிடம் பிடிபடவில்லை

கேள்வி – சிப்புட் பயிற்சியாளர்:
உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியில், சுங்கை சிப்புட் பக்கம் ஓர் அரசாங்க மருந்தகத்தில் இருக்கிறேன். செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவரின் நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி இருக்கிறது என்கிறார் டாக்டர். எனக்குக் கேட்பதெல்லாம் வாசலில் ஓடும் மோட்டார் சைக்கிள்தான். யூடியூப் பதிவில் புரிகிறது; ஆளைத் தொட்டால் எது முதல் ஒலி என்பதிலேயே குழப்பம். விலை கூடிய ஸ்டெதஸ்கோப் வாங்கினால் தேறுமா?

பதில் – கூலிம் தாதி:
முதலில் சட்டைமேல் வைத்துக் கேட்பதை விடுங்கள். பெண் நோயாளி என்றால் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

பதில் – பழைய தோட்டத்து டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):
தம்பி, காசைப் பத்திரப்படுத்து. 1816இல் பாரிசில் லாயெனக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி வைத்தே இதயத்தைக் கேட்டார். காதுமுனைகள் உன் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா பார். திருப்பி மாட்டினால் ஆயிரம் ரிங்கிட் கருவியும் ஊமைதான்.

முதல் ஒலியைக் காதை மட்டும் நம்பித் தேடாதே. கழுத்து நாடியில், ஒரு பக்கம் மட்டும், மெல்ல விரல் வை. நாடி எழும்போது கேட்பது லப், அதுதான் முதல் ஒலி; அடுத்தது டப். மணிக்கட்டு நாடி சற்றுப் பிந்தி வரும், அது ஆகாது. லப்புக்கும் டப்புக்கும் நடுவே இரைந்தால், இதயம் சுருங்கும் நேரத்து ஒலி. பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இது பல சமயம் தீங்கில்லாததாக இருக்கும். டப்புக்குப் பிறகு இரைந்தால் சும்மா விடாதே, எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, எழுதச் சொல்.

என் காலத்து லயங்களில் நான் தேடியது இந்தப் பின்னதைத்தான். சிறுவயதில் தொண்டைப் புண், பிறகு மூட்டு வீங்கி வாதக் காய்ச்சல். வளர்ந்து பால் மரம் வெட்டப் போனால் மேடேற மூச்சு வாங்கும். இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இவர்கள். அந்த ஒலி தூரத்து லாரி போலத் தாழ்ந்து உறுமும். ஸ்டெதஸ்கோப்பின் தட்டை முகமான டயாஃப்ரத்துக்கு எளிதில் அகப்படாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, துடிப்பு விரலில் தட்டும் இடத்தில் மறுமுகமான குழிந்த மணிப்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் வை. அழுத்தினாயோ, தோலே இறுகி டயாஃப்ரமாகிவிடும். உறுமல் போயே போய்விடும்.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு ஒழுகினால் எல்லாம் நேர்மாறு. உட்கார்ந்து முன்னால் குனியட்டும், மூச்சை வெளியே விட்டு நிறுத்தட்டும். மார்பெலும்பின் இடது ஓரத்தில் டயாஃப்ரத்தை நன்றாக அழுத்து. ஊதுவது போன்ற மெல்லிய ஒலி, டப்பை ஒட்டியே தொடங்கித் தேயும்.

சிப்புட் பயிற்சியாளர்:
நன்றி ஐயா. என்னுடையதில் மணிப்பக்கமே இல்லை, ஒரே முகம்தான். என்ன செய்வது?

பழைய தோட்டத்து டிரசர்:
புதிய மாதிரிகள் சிலவற்றில் ஒரே முகம் இரண்டு வேலையும் பார்க்கும். லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. உன்னுடையது அந்த வகையா என்று பெட்டியில் வந்த தாளைப் பார். இல்லையென்றால் டாக்டருடையதை இரவல் கேள், தர மாட்டேன் என்று சொல்லமாட்டார்.