திருவாரூர் ஆழித்தேர் நாலு வீதியும் சுத்தி நிலைக்கு (கிளம்பின இடத்துக்கே) வர்ற வரைக்கும் நின்னவங்க சொல்லுங்க, எங்க என்ன பார்க்கணும்?

கீழவீதி:
தேர் திரும்பற தெற்கு வீதி முனையைச் சொல்லியே ஆகணும். பாதிக் கூட்டம் சலிச்சுக் கிளம்பறது அங்கதான். 96 அடி உசரம், 300 டன். அச்சு திரும்பாது, சக்கரம் நேராத்தான் உருளும். அதனால சக்கரத்துக்கு அடியில இரும்பு பிளேட்டைப் போட்டு, கிரீஸை அப்பி, அதுமேல வழுக்கவிட்டுத்தான் தேர் முகத்தைத் திருப்பணும். பிளேட் நகர்ந்துட்டா மறுபடி முதல்லேருந்து. தூரத்துல நிக்கறவங்களுக்குத் தேர் சும்மா நிக்கற மாதிரிதான் தெரியும். கிட்டப் பார்த்தா, தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில கட்டையைச் சொருகிட்டு முட்டுக்கட்டைக்காரர் வெடுக்குனு கையை உருவுவாரு பாருங்க, அடுத்த நொடி கட்டை நறநறன்னு நசுங்கும்.

தியாகேசன் அடிமை:
இதுக்கே சலிப்பா? முன்னெல்லாம் நிலை சேர நாள்கணக்கு ஆகும். 1948க்கு அப்புறம் ஓடாம கிடந்து 1970லதான் திரும்ப ஓடுச்சு. இப்ப திருச்சி பெல் (BHEL) கம்பெனி செஞ்ச ஹைட்ராலிக் பிரேக் இருக்கு, பின்னால தள்ள புல்டோசர் இருக்கு. காலையில வடம் பிடிச்சா அன்னிக்கே நிலை. முட்டுக்கட்டை எல்லாம் இப்ப பேருக்குத்தான்.

கீழவீதி:
பேருக்கா? பிரேக் தேரை நிறுத்தும், ஒதுக்காது. வீட்டுத் திண்ணைப் பக்கம் தேர் சாய்ஞ்சு போனா, கட்டையை எந்தச் சாய்மானத்துல கொடுக்கறாங்களோ அதுதான் நடுவீதிக்குக் கொண்டுவரும். நசுங்கினதை உடனே மாத்தணும், அதனாலதான் மாத்துக் கட்டையோட ஆளுங்க கூடவே நடக்கறாங்க.

மன்னார்குடி மாமா:
புதுசா வர்றவங்களுக்கு. முனையில வடம் வளைஞ்சு கிடக்கும்போது வளைவோட உள்பக்கம் நிக்காதீங்க. இழுத்ததும் வடம் விறைச்சு நேராகும், உள்ளே நிக்கறவங்களை அப்படியே தள்ளிட்டுப் போகும். கையில சுத்திக்காதீங்க, அக்குள்ல இடுக்கிக்காதீங்க, உள்ளங்கையால பிடிச்சாப் போதும். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியவே கூடாது. தேர் வர்ற வீதியில கரண்டை நிறுத்திடுவாங்க, போனை முன்னாடியே சார்ஜ் போட்டுக்குங்க. பங்குனி வெயிலுக்கு ஈரத்துண்டு வேணும். பானகம் குடிக்கலாம், ஆனா வெறும் வயித்துல வேணாம். மேல வீதியில மதிய நிழல் எந்தப் பக்கம்னு பார்த்து உட்காருங்க. வடக்கு வீதி தாண்டியாச்சுன்னு எழுந்து போயிடாதீங்க. நிலையில நிறுத்தறப்ப அங்குலம் அங்குலமாத்தான் நகர்த்துவாங்க, அதுக்கும் நேரம் பிடிக்கும்.

தியாகேசன் அடிமை:
மாமா, இங்க பானகத்தை யாரு கேட்டா? முட்டுக்கட்டைக்குப் புளியமரமா வாகையா, அதைச் சொல்லுங்க.