ஆழியாறு – வால்பாறை – அதிரப்பள்ளி: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

அடுத்த மாதம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறி, கேரள எல்லையிலுள்ள மளுக்கப்பாறை காட்டுவழியாக அதிரப்பள்ளியில் இறங்கலாம் என்று திட்டம். சின்ன கார்தான். ஓட்டுவது நான் ஒருவன்.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் எனக்குப் பயமில்லை, அம்மாவுக்குத்தான் மூன்றாவது வளைவிலேயே குமட்டிவிடும். 9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் எப்படியும் நிற்போம், வரையாடு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். அதற்கு மேலே ஓரங்கட்ட இடம் உண்டா?

அப்புறம், மளுக்கப்பாறை சோதனைச்சாவடியில் காலை எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? அங்கிருந்து அதிரப்பள்ளிக்குச் சற்று முன்னால் வரும் வாழச்சால் வரை சாலை இப்போது எப்படி? வழியில் சாப்பாடு கிடைக்குமா, கட்டுச்சோறு எடுத்துக்கொள்வதா? யானை குறுக்கே நின்ற அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அம்மாவிடம் காட்டமாட்டேன்.