நான் ஏறினால் மீன் படாதாம், இப்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது

தங்கச்சிமடத்தான்:
வயது 27. ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகில் பங்குக்குப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் ஏறினால் மீன் பாடு இருக்காது என்று எங்கள் படகில் பேச்சு. தடைக்காலம் முடிந்து ஜூனில் போன முதல் நாளே புரொப்பல்லரில் கயிறு சுற்றி, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அடுத்த வாரம் மடியில், அதாவது வலையின் பையில், சங்காயத்தைத் தவிர (விலை போகாத கழிவு மீன்) ஒன்றும் இல்லை, டீசல் காசுக்கே கட்டவில்லை. ஒருத்தர் விளையாட்டாகத்தான் "யாரு ராசிடா இது" என்றார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிறந்த வாரம் அப்பாவின் வல்லம் பாறையில் மோதி உடைந்தது, அது ஊருக்கே தெரிந்த கதை. அப்பத்தாவுக்குக் கோபம் வந்தால் அதைச் சொல்லித்தான் திட்டும்.

ஆகஸ்டிலிருந்து நானே காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது சாக்குச் சொல்லி அடிக்கடி கரையில் நின்றுவிடுகிறேன். பெண் பார்க்கலாம் என்றார்கள், இன்னொரு வீட்டையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று வேண்டாம் என்றேன். கண்ணாடி முன்னால் நின்று "நான் அதிர்ஷ்டசாலி" என்று தினமும் சொல்லச் சொன்ன வீடியோவைப் பார்த்துப் பத்து நாள் செய்தேன். சொல்லும்போதே உள்ளே ஒருத்தன் சிரிக்கிறான். வேறு வழி இருக்கிறதா?

பழைய பாலம்:
தம்பி, 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்கு ஏழு வயது, பாம்பனில் இருந்தோம். புயலில் தனுஷ்கோடியே போனது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அந்த ரயிலில் எத்தனை குழந்தைகள். அதில் எந்தக் குழந்தையின் ராசி என்று சொல்வது? ஆனால் ஊர் விடவில்லை. அந்த வருஷம்தான் என் சின்னம்மா கல்யாணமாகி தனுஷ்கோடிக்குப் போயிருந்தார். தப்பித்து வந்தவரை "இவள் கால் வைத்த நேரம்" என்றார்கள். கடைசிவரை எந்த விசேஷத்திலும் சின்னம்மா முன்வரிசையில் வந்து நின்று நான் பார்த்ததில்லை, ஆரத்தித் தட்டைக்கூடத் தொடமாட்டார். எனக்கு வழி சொல்லத் தெரியாது. கல்யாணத்தை வேண்டாம் என்றாயே, அதைப் படித்ததும் அவர் முகம்தான் வந்தது.

கீழக்கரை லாத்தா:
நான் உளவியல் படித்து, கவுன்சலிங் வேலையில் இருக்கிறேன். உள்ளே சிரிக்கிறவன் சரியாகத்தான் சிரிக்கிறான் தம்பி. "நான் ராசியில்லாதவன்" என்பதை எடுத்துவிட்டு "நான் ராசிக்காரன்" என்று வைத்தால் இரண்டும் ஒரே சரக்குதானே, இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. எண்ணத்தை மாற்றுவது என்றால் இனிப்பாகச் சொல்லிக்கொள்வது இல்லை, சரிபார்க்கக்கூடியதாக ஆக்குவது.

அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற டாக்டர் 1960-களில் மனச்சோர்வு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார்: ஏதாவது நடந்ததும், யோசிக்காமலே மனதில் ஒரு வாக்கியம் ஓடுகிறது, அதை அவர்கள் தங்கள் எண்ணம் என்றுகூட நினைப்பதில்லை, நிஜம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மடி காலியாக வந்ததும் உனக்கு "என்னால்தான்" என்று வருகிறதே, அதுதான். அவர் செய்ய வைத்தது, அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி, ஆதாரம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது. நீ இப்படிச் செய். நாளைக்கே ஒரு நோட்டில் நாலு கட்டம் போடு. நான் ஏறி மீன் படாத நாள், நான் ஏறி மீன் பட்ட நாள், நான் ஏறாமல் படாத நாள், ஏறாமல் பட்ட நாள். ஊரும் நீயும் முதல் கட்டத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், மற்ற மூன்றையும் யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

இன்னொன்று, சாக்குச் சொல்லிக் கரையில் நிற்பதை நிறுத்து. நிற்க நிற்க அந்த எண்ணத்துக்குத்தான் தீனி, பொய் என்று தெரிய வழியே இல்லாமல் போகிறது. ஆல்பர்ட் எல்லிஸ் என்று இன்னொருவர், இதே துறையில் 1955-லேயே தொடங்கியவர். 19 வயதில் அவருக்குப் பெண்களிடம் பேசவே பயமாம். நியூயார்க்கில் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து, ஒரு மாதத்தில் நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினார். ஒரே ஒருத்திதான் மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை! ஆனால் யாரும் அவரை அடிக்கவும் இல்லை, பயம் போனது. (தயவுசெய்து அக்னி தீர்த்தக் கரையில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

தூக்கம் கெட்டிருந்தால், வாழ்ந்து என்ன என்று தோன்றினால், நோட்டோடு நிற்காதே, 14416-க்குப் போன் பண்ணு, இலவசம், தமிழிலேயே பேசலாம். இதற்கு உதவி கேட்டாலே "ஏர்வாடிக்குப் போறியா" என்று நம் பக்கம் கிண்டல் செய்வார்கள், கிடக்கட்டும்.

மண்டபம் டிரைவர்:
லாத்தா சொல்வது சரி, ஆனால் கட்டம் போட்டுக் காட்டினால் படகில் வாய் நிற்காது, இருபது வருஷமாகப் பார்க்கிறேன். பாடு இல்லாத அன்றைக்கு யாரையாவது சொல்லியாக வேண்டும், கடலைத் திட்ட முடியாதே. போன வருஷம் எங்கள் படகில் புதிதாக வாங்கிய ஐஸ் பெட்டியின் ராசி சரியில்லை என்றார்கள், சத்தியமாக. மாப்ளே, நீ ஒன்றே ஒன்று கேள்: அன்றைக்குப் பக்கத்துப் படகுக்குப் பட்டதா? நீவாடு (கடல் நீரோட்டம்) சரியில்லை என்றால் படகுத்துறையில் நிற்கிற எல்லாப் படகும்தான் வெறுங்கையோடு வரும். உன் ஒருத்தன் ராசி அத்தனை பேர் வலைக்குள்ளும் போய் உட்காருமா? அவ்வளவு சக்தி இருந்தால் உன்னை நாங்கள் கும்பிட வேண்டும்.

தங்கச்சிமடத்தான்:
எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே எழுத வேண்டும் என்று இருந்தேன், கூச்சமாக இருந்தது. சம்மாட்டியிடம் (படகு முதலாளி) பற்றுவரவு நோட்டு இருக்கிறது, அதில் தேதி, யார் ஏறியது, எவ்வளவுக்குப் போனது எல்லாம் இருக்கும். கேட்கத்தான் இரண்டு நாள் ஆனது. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் கடைசி வரை, காற்றில் போகாத நாள் போக, 40 தடவை படகு போயிருக்கிறது. நான் ஏறியது 26, அதில் நஷ்டம் 9. நான் இல்லாமல் போனது 14, அதில் நஷ்டம் 5. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நான் படுத்துக்கிடந்த நாளில் அவர்களும் அதே மாதிரிதான் வெறும் மடியோடு வந்திருக்கிறார்கள், ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. நான் முதலில் சொன்ன, கயிறு சுற்றிய நாளையும் பார்த்தேன், அது நஷ்டக் கணக்கில்தான் வருகிறது, அதை நீக்கவில்லை.

எங்கள் டிரைவரிடம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதாண்டா, ஆனாலும் ஏறும்போது ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துரு" என்றார். கடுப்பாகத்தான் இருந்தது. மடி காலியாக வந்தால் "என்னால்தான்" என்பது இன்னும் முதலில் வந்து நிற்கும் என்றுதான் தோன்றுகிறது லாத்தா, அப்போது என்ன செய்வது?

கீழக்கரை லாத்தா:
வரும், அது வருஷக்கணக்காக ஓடிய பாதை. வந்ததும் விரட்டாதே. "26-ல் 9, 14-ல் 5" என்று பக்கத்திலேயே சொல். அப்புறம் மடியைக் கழுவப் போய்விடு.

மண்டபம் டிரைவர்:
எலுமிச்சம்பழம் ஐந்து ரூபாய், வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறு மாப்ளே. சனிக்கிழமை வாடை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள், கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுப்பார்களா என்றே தெரியவில்லை.