கலைச்சொல் தேவை: டைகுரோமசி (ஆட்டின் நிறப்பார்வை)

வணக்கம். கால்நடை மருத்துவப் பாடநூல் ஒன்றில் ஆட்டைப் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டைகுரோமசி' வரும் இடத்திலெல்லாம் 'நிறக்குருடு' என்று போட்டிருக்கிறார்கள். ஆட்டின் விழித்திரையில் கூம்பணு (நிறம் உணரும் உயிரணு) இரண்டு வகை; அதனால் வரும் பார்வையைத்தான் டைகுரோமசி என்கிறோம். ஒன்றின் உச்ச உணர்திறன் ஒளியின் அலைநீளம் 443 நானோமீட்டரை ஒட்டி, மற்றதற்கு 553ஐ ஒட்டி. நமக்கு மூன்று வகை. நீலத்தையும் மஞ்சளையும் ஆடு பிரித்தறியும். சிவப்பு-பச்சை வேறுபாட்டில்தான் தடுமாறும். அது அதன் இயல்பு, ஊனமல்ல. 'இருநிறப் பார்வை' போதுமா?

---

> 'இருநிறப் பார்வை' போதுமா?

போதாது. ஆட்டுக்கு இரண்டே நிறம்தான் தெரியும் என்று மாணவன் எழுதிவைப்பான். அதே இயலில் கறுப்பும் வெள்ளையுமான 'இருநிற ஆடு' வேறு வருகிறது. 'ஈர்வண்ணப் பார்வை' என்று பிரித்துக்காட்டலாம்.

---

உயிர் வந்தால் ஈர், மெய் வந்தால் இரு. ஈராயிரம், இருநூறு. 'ஈர்வண்ணம்' எந்த விதிப்படி ஐயா? போதாக்குறைக்கு வண்ணம் வேறு வடசொல்.

---

> வண்ணம் வேறு வடசொல்

யார் முடிவுகட்டியது? 'வண்ணந் தானே நாலைந் தென்ப' என்று தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணம் சொல்கிறதே. வள், வண், வண்ணம் என்று வேர் பிடித்தால் வளமும் வண்மையும் கூடவே வரும்.

---

அந்த இருபதும் ஓசை வண்ணம். ஆட்டுத்தோலில் ஒட்டாது.

ஆட்டையும் நிறத்தையும் சேர்த்தாலே தமிழில் சிக்கல்தான். கன்னங்கரேலென்று இருந்தாலும் அது வெள்ளாடு. புறநானூறு 286இல் ஔவையார் 'வெள்ளை வெள்யாட்டுச் செச்சை' என்கிறார் (செச்சை என்றால் கிடாய்). வெள்யாடு என்பதே நிறத்தைச் சொல்லியிருந்தால் முன்னால் இன்னொரு வெள்ளை எதற்கு? அன்றைக்கே அது இனப்பெயராக உறைந்துவிட்டது என்பது என் கட்சி. 'இருநிறப் பார்வை'யும் அப்படியே உறையும். விடுங்கள்.

---

உறையும்வரை தேர்வுத்தாள் காத்திருக்காது ஐயா. வகுப்பில் நிற்பவள் சொல்கிறேன்: 'இருகூம்புப் பார்வை'. ஆடு என்ன காண்கிறது என்பதை நாம் எட்டிப்பார்க்க முடியாது. கண்ணில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிவிடலாம். ஒருகூம்பு, முக்கூம்பு, பறவைகளுக்கு நாற்கூம்பு என்று வரிசையும் அமைகிறது.

---

அம்மா, அப்படியானால் கண்ணுக்கு இரண்டே கூம்பணு என்று படிப்பார்கள். 'இருவகைக் கூம்பணுப் பார்வை' என்பதே பிழையற்றது.

---

பிழையற்றதுதான். அட்டவணைக் கட்டத்தில் அடங்காது.

---

நான் இயற்பியல்காரன். அடிப்படையையே தவறவிடுகிறீர்கள். டைகுரோமசி என்பது கூம்பை எண்ணிச் சொல்வதல்ல. எந்த நிற ஒளியையும் இரண்டே முதன்மை ஒளிகளைக் கலந்து ஈடுசெய்ய முடிந்தால் அந்தப் பார்வை டைகுரோமசி. கூம்பு காரணம், வரையறை வேறு. எனவே 'இருமுதனிறப் பார்வை'. முதல் + நிலை முதனிலை ஆவதுபோல முதல் + நிறம் முதனிறம்.

---

புணர்ச்சி சரி. கேட்கும் மாணவனுக்கு 'முதலில்' காதில் விழும், 'நிறம்' விழாது.

---

தொடங்கியவன் எழுதுகிறேன். 'இருகூம்பு'க்கே கை கூடுதல். அப்படியே அனுப்புகிறோம், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'டைகுரோமசி'. இயற்பியல் வரையறை அடிக்குறிப்பில் வரும். இயலில் வரும் மயிர்நிறச் சொற்களையும் முடித்துவிடுகிறேன்: யூமெலனின் கருநிறமி, பியோமெலனின் செந்நிறமி. எது எங்கே படியும் என்பதில் பங்குள்ள 'அகூட்டி' மரபணு அப்படியே இருக்கட்டும். கொறிவிலங்கு ஒன்றின் பெயர் அது, அதை எதற்குத் தமிழாக்குவது?

---

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? இயற்பியல்காரன் என் எதிர்ப்பு நிற்கிறது. அடுத்த பதிப்புக்கும் இதையே எழுதுவேன். இன்னொன்று: வெள்ளை மயிரும் நிற மயிரும் விரவிவரும் 'ரோன்' போர்வைக்கு 'மயிலை' என்று போட்டிருக்கிறீர்கள். மயிலை சாம்பல் மாட்டுக்கல்லவா? தனி இழை தொடங்குகிறேன்.