கண்மாய்க்கரை நடை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

ஏப்ரல் 8

நான் (காலை 6:48): எல்லோருக்கும் காலை வணக்கம். கண்மாயின் உள்வாயில், மடைக்கு நேரே நிற்கும் நாட்டுக் கருவேல மரத்திலிருந்து இருபது அடி தள்ளி, வெறும் தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. திங்கட்கிழமை மூன்று முட்டைகள் இருந்தன, இன்று நான்கு. பறவை தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியதால்தான் நின்று கீழே பார்த்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

பெரியப்பா (6:55): மிக நல்ல செய்தி, பாப்பா. எந்த ஆள்காட்டி? கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசைமடிப்பும், நுனி கறுத்த சிவந்த அலகும் இருந்தால் அது செம்மூக்கு ஆள்காட்டி. மடிப்பு மஞ்சளாக இருந்தால் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. அது தண்ணீரைவிட்டு விலகிய பொட்டல் காட்டில்தான் அதிகம் இருக்கும்.

நான் (6:59): சிவப்புதான், பெரியப்பா. கண்ணிலிருந்து கழுத்தோரமாக இறங்கும் வெள்ளைப் பட்டையும் தெளிவாகத் தெரிந்தது. கூடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மண்ணில் ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றிக் கூழாங்கற்களும் உலர்ந்த ஆட்டுப் புழுக்கையும் கிடக்கின்றன. கூர்முனைகள் நான்கும் நடுவில் சேரும்படி முட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மண்நிறத்தில் கறுப்புத் திட்டுகள் இருப்பதால், இடம் தெரிந்த பிறகும் இரண்டாவது முறை தேடித்தான் கண்டேன்.

அத்தை (7:10): கேட்கவே மனம் நிறைகிறது. ஆனால் நேற்று மதியம் எங்கள் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நிழலே இல்லாத தரையில் முட்டைகள் வெந்துவிடாதா, அண்ணா? என்னிடம் பழைய கூடை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் திறந்திருக்கும்படி அதைக் கவிழ்த்து வைத்தால் நிழலாக இருக்குமே.

அண்ணன் (7:18): அத்தை, கூடை வேண்டாம். வெயிலைத் தாங்கும் வழி அந்தப் பறவைக்கே தெரியும். உச்சி வெயிலில் அது முட்டைகளுக்கு மேல் நின்று தன் உடலால் நிழல் தரும். அருகில் உள்ள தண்ணீரில் இறங்கி, வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகள்மேல் அமரும். ஆணும் பெண்ணும் முறை மாற்றி அடைகாக்கும். கண்மாய் வற்றிய பிறகும் மடைக்குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருப்பதால்தான் அந்த இடத்தை அது தேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் வைக்கும் எந்தப் பொருளும் காகத்துக்கும் நாய்க்கும் அடையாளமாகிவிடும்.

அத்தை (7:24): சரி, கூடையை எடுக்க மாட்டேன். நீ காகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. பூ கொட்டிக்கொண்டிருக்கும் அந்த மரத்துக்கு விடியற்காலையிலேயே கறுத்த குயில் ஒன்று வந்து கூவுகிறது. காகங்கள் இரண்டும் அதைத் துரத்துகின்றன. அப்போது உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுள்ள பழுப்புப் பறவை ஒன்று கிளைக்குள் சத்தமில்லாமல் நுழைந்ததைப் பார்த்தேன்.

பெரியப்பா (7:31): அந்தப் புள்ளிப் பறவைதான் பெண்குயில், தங்கச்சி. கூவுவது ஆண்; பெண்ணுக்கு ‘கிக் கிக்’ என்ற கீச்சுக்குரல்தான் உண்டு. காகங்கள் ஆணைத் துரத்திப் போன நேரத்தில் பெண் கூட்டுக்குள் போவதை நானும் முன்பு பார்த்திருக்கிறேன். குயில் முட்டை காக முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். சில வாரங்கள் கழித்து, காகம் புள்ளிக் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை உன் வீட்டு மாடியிலிருந்தே நீ பார்க்கலாம்.

தம்பி (7:40): அக்கா, நீ சொல்லும் இடம் நாங்கள் கிரிக்கெட் ஆடும் திடலுக்குள்ளேயே வருகிறது. மரத்தடியில்தான் பந்து அடிக்கடி போய் விழும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து பையன்கள் வந்துவிட்டால் இருபது பேருக்கு மேல் ஓடுவோம். எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சொன்னால் நான் அவர்களிடம் பேசுகிறேன்.

பெரியப்பா (7:52): கேட்டதற்கு மகிழ்ச்சி, தம்பி. கடைசி முட்டை நேற்றோ இன்றோ வந்திருக்கிறது. அடைகாக்கும் காலம் 28 முதல் 30 நாள் என்பதால், மே 6 அல்லது 8 வாக்கில், கத்திரி வெயில் தொடங்கிய கையோடு பொரியும். குஞ்சுகள் கூட்டிலேயே இருந்து இரைக்காகக் காத்திருப்பவை அல்ல. பொரிந்து ஈரம் உலர்ந்ததும் நடந்து, தாமே பூச்சி பொறுக்கத் தொடங்கிவிடும். ஆபத்து வந்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். ஆகவே மே நடுப்பகுதி வரை அந்த மூலையை விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் வேட்டை என்றே சொல்கிறது என்பதைப் பையன்களிடம் சொல். ஆனால் அதட்டிச் சொல்லாதே. வயிற்றை நனைத்துக்கொண்டு வரும் கதையை முதலில் சொல், அதுவே போதும்.

நான் (8:05): காலை நடைக்கு நாமும் உள்வாயில் இறங்காமல், கரைமேலேயே கலுங்கு வரை போய்த் திரும்பலாம். அந்தப் பக்கம் முன்பு மண் எடுத்த சரிவில் பஞ்சுருட்டான்கள் துளையிட்டுக்கொண்டிருக்கின்றன. அலகால் மண்ணைக் கொத்தி, கால்களால் பின்னால் தள்ளுவதை இன்று பத்து நிமிடம் நின்று பார்த்தேன். பச்சை உடலும், வாலின் நடுவிலிருந்து கம்பிபோல் நீளும் இரண்டு இறகுகளும் காலை வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தன. அத்தை, நாளை நீங்களும் வாருங்கள். கரையில் நின்றாலே தெரியும், இறங்க வேண்டியதில்லை.

அத்தை (8:09): கட்டாயம் வருகிறேன், பாப்பா. ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன்.

அண்ணன் (8:15): இடத்தைக் குறிப்பிட்டு யாரும் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம். அருகில் போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம். ஆள் நிற்கும்வரை பறவை அடையிலிருந்து எழுந்து கத்திக்கொண்டே இருக்கும். அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

தம்பி (மாலை 6:37): பெரியப்பா, பையன்களிடம் பேசிவிட்டேன். ஸ்டம்புகளைக் கலுங்குப் பக்கம் மாற்றி, மரத்தின் திசைக்கு முதுகு காட்டி மட்டை பிடிக்கும்படி வைத்துக்கொண்டோம். பந்து அந்தப் பக்கம் உருண்டால் ஆட்டக்காரர் அவுட் என்று அவர்களே விதி போட்டுவிட்டார்கள். இன்று ஒரு முறைகூடப் போகவில்லை. ஐந்து மணிக்கு மடைக்குழியிலிருந்து பறவை நடந்து வந்து அடையில் உட்கார்ந்தது. கடைசி ஓவர் வரை எழவில்லை.